மிருணாளினி கார் ஓட்டிய மலைப்பாதை

எடின்பரோ விமான நிலையத்தில் வாடகைக் கார் கொடுக்கும் பெண், வளையத்தில் கோத்த கார்த் திறப்பை மேசையில் வைத்து வரதராஜாவின் பக்கம் தள்ளினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, வெளியே நிற்கும் கார்களைக் கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாக எடைபோடும் மனிதரைக் கண்டால், ஓட்டப்போகிறவர் அவர்தான் என்று யாரும் நினைப்பார்கள். அவருடைய கையும் பழக்கதோஷத்தில் திறப்பை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு ஒரு விரலால் அதை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு, "இவதான் ட்ரைவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மிருணாளினி திறப்பை எடுத்தாள். சின்னப் பிளாஸ்ரிக் துண்டு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள், மெல்பேர்னிலிருந்து கொண்டுவந்த தைரியத்தில் பாதி கழன்று விழுந்துவிட்டது.

இந்தப் பயணம் வரதராஜாவின் ஆசை. மெல்பேர்னின் புறநகர் வெரிபீயில் புதுக் குடியிருப்புகளுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் வருடக்கணக்காக பஸ் ஓட்டியவர் அவர். நாள் முழுக்க அதே ரவுண்டபவுட், அதே சிக்னல், அதே ஷொப்பிங் சென்ரர். வேலை முடிந்து வந்ததும் சோற்றுக்கோப்பையோடு ரீவிக்கு முன்னால் இருந்து உலகத்து ரோட்டுகளையெல்லாம் பார்ப்பார். யாரோ காரின் முன்னால் கமராவைப் பூட்டிவிட்டு ஓட்டிய வீடியோக்கள். கதை இல்லை, பாட்டு இல்லை, ரோட்டு மட்டும். அதிலும் ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஆப்பிள்குரொஸ் என்ற சின்னக் கிராமத்துக்கு ஏறி இறங்கும் மலைப்பாதை அவருக்கு மனப்பாடம். "இஞ்ச பாரும், இப்ப ஒரு வளைவு வரும்" என்பார். வளைவு வரும். ஓய்வு பெற்றதும் அந்த ரோட்டில் தன் கையால் ஒருமுறை ஓட்டுவதென்று முடிவுசெய்து, டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தார்.

அதற்குள் ஒருநாள் காலை சாப்பாட்டு மேசையடியில் விழுந்தார். வலிப்பு என்றார்கள். ஸ்கான் எடுத்தார்கள், தலையில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், காரணம் பிடிபடவில்லை. திரும்ப வராமலே போகலாம், வந்தாலும் வரலாம் என்றார் டொக்டர். எது என்று தெரியும்வரை லைசன்ஸ் இல்லை. பஸ்ஸை விடுங்கள், பால் வாங்கக் கடைக்குப் போக வீட்டுக் காரைக்கூட எடுக்கக்கூடாது.

"டிக்கெட்டைக் கான்சல் பண்ணுவம்" என்றார் வரதராஜா.

"ஏன்? நான் ஓடுறன்" என்றாள் மிருணாளினி.

அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவளிடம் லைசன்ஸ் இருந்தது, உண்மை. ஆனால் அவள் ஓட்டியதெல்லாம் வேலை செய்யும் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்கும் தமிழ்க் கடைக்கும் வீட்டுக்கும் இடையில்தான். அவர் விழுந்த பிறகுதான் முதன்முதலாக வெஸ்ட்கேற் பாலம் தாண்டி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு ஓட்டிப் போனாள். பாலத்தின் உச்சியில், இரண்டு பக்கமும் லொறிகள் இரைய, அவள் போட்ட "சிவ சிவா" அங்கேயே சுவாமிக்குக் கேட்டிருக்கும், கோயிலுக்குப் போயே இருக்கத் தேவையில்லை என்று வரதராஜா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிட்னியில், பரமட்டாவில் வேலைசெய்யும் மகள் லக்சிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, ஆர் யூ சீரியஸ்? நீங்கள் எயார்போட்டுக்கே ஓடமாட்டீங்கள்! ஸ்கொட்லாந்தில மலை ஏறப் போறீங்களோ?" என்று போனில் கத்தினாள்.

"மலையும் ரோட்டுத்தானே பிள்ளை" என்றாள் மிருணாளினி.

எடின்பரோவிலிருந்து வடக்கே போகும் பெரிய ரோட்டில் பிரச்சினை ஒன்றும் இருக்கவில்லை. இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவது. பிரச்சினை பக்கத்துச் சீற்றில் இருந்தது.

"பிறேக். பிறேக். மிருணா, பிறேக்!"

"அந்தக் கார் அங்க ஒரு மைலுக்கு அங்கால போகுதப்பா."

"அவன் இண்டிகேற்றர் போட்டிட்டான்."

அவருடைய வலது கால் தரை விரிப்பை ஓயாமல் மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவளுக்குத் தோள்பட்டை இறுகியது. கடைசியில் அவள் வேலையிடத்துக் குரலை எடுத்தாள். அடம்பிடித்துத் தரையில் கிடக்கும் பிள்ளைகளிடம் பேசுகிற, அவசரமே இல்லாத, தேன் தடவிய குரல்.

"உங்கட கால் இப்ப களைச்சுப் போச்சுது. அதைப் பேசாமல் விடுவம், என்ன? நீங்கள் வெளியில பார்த்துக்கொண்டு வாங்கோ. என்ன நிறத்தில ஆடு நிக்குதெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

"நான் என்ன மூண்டு வயசுப் பிள்ளையோ?"

அவர் முறைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, வேலியோரத்தைப் பார்த்தபடி முனகலாகச் சொன்னார்.

"அங்க ஒண்டு முகம் மட்டும் கறுப்பு."

மிருணாளினி சிரித்த சிரிப்பில் கார் ஒரு சாண் விலகியது. "ரோட்டைப் பாரும்!" என்று அவர் கத்தினார். ஆனாலும் அதற்குப் பிறகு பயணம் இலகுவானது. மலைச்சரிவுகள் ஊதாப் பூவால் மூடிக் கிடந்தன. ஓகஸ்ட் மாதம், கோடை என்றார்கள். மெல்பேர்ன் குளிருக்குத் தப்பி வந்தவர்கள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டுதான் கோடையைப் பார்த்தார்கள். கண்ணை மறைத்து மயிர் தொங்கும் செம்மாடுகள் ரோட்டோரம் நின்று அவர்களைப் பார்த்தன. ஏரிக்கரைகளில் நிறுத்தி, பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தார்கள், பருத்தித்துறை வடையை நொறுக்கினார்கள். வளைந்த ரோட்டை வரதராஜா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "வளைவுக்கு ஏத்த சரிவு, நல்ல காம்பர் குடுத்துப் போட்டிருக்கிறான்" என்பார். மற்றவர்கள் தண்ணீரைப் படம் எடுத்தார்கள். அவர் தாரைப் படம் எடுத்தார்.

மலைப்பாதைக்கு முந்திய இரவு, லொக்கரன் என்ற ஊரில் மொராக் என்கிற கைம்பெண்ணின் வீட்டில் தங்கினார்கள். மேலே அறை, கீழே காலைச் சாப்பாடு, முன்னால் கல் போட்ட முற்றம், அதைத் தாண்டினால் கடல்.

காலையில் மிருணாளினி பல் தீட்டிக்கொண்டே யன்னலால் எட்டிப் பார்த்தாள். கீழே அவர்களுடைய கார் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. எவ்வளவு அழகாக வளைகிறது என்றுதான் முதலில் பட்டது. தயக்கமில்லாமல், ஒரே வீச்சில், மதிலுக்கும் பூச்சாடிக்கும் நடுவே போய் நின்றது. அப்படி ஓட்டக்கூடியவர் ஒருவர்தான் என்று அடுத்த கணம் உறைத்தது. வாயில் நுரையோடு படிகளில் இறங்கி ஓடினாள்.

அவள் முற்றத்துக்கு வந்தபோது வரதராஜா காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். விறகு கொண்டுவந்த லொறி ஒன்று வாசலால் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அந்த மனுசி காரைக் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லிச்சுது. முத்தத்துக்குள்ளதானே…" என்று தொடங்கினார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அவள் கையை நீட்டினாள். திறப்பைக் கொடுத்தார். அவள் திரும்பி மேலே போய் வாயைக் கொப்பளித்தாள், முகம் கழுவினாள், உடுப்பு மாற்றினாள். இறங்கி வந்து சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே இருந்தாள். மொராக் முட்டையும் ரோஸ்ற்றும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்கொட்லாந்தில் அது பெரிய மரியாதை.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்தானே" என்றாள் மிருணாளினி.

"என்னால ஏலாது எண்டு அந்த மனுசிக்குச் சொல்ல வாய் வரேல்லை."

"எனக்கு விளங்குது."

"நாலடி மிருணா. நாலடி தூரம்."

"கதிரையில இருந்து தரைக்கு எத்தினை அடி?"

அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குக் காலமை நீங்கள் விழேக்க நீங்கள் அங்க இருக்கேல்லை. நான்தான் இருந்தனான்" என்றாள். குரல் உயரவில்லை. "உங்களுக்குப் புட்டுச் சாப்பிட்டது ஞாபகம் இருக்குது. பிறகு அம்புலன்ஸ்காரன்ர முகம் ஞாபகம் இருக்குது. நடுவில நடந்தது முழுக்க என்னட்டத்தான் கிடக்குது. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மைதான். ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. எத்தனை மாதம் லைசன்ஸ் இல்லை என்று கேட்டார். அதோடு சரி.

வரதராஜா கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே விறகு இறக்குகிறதைப் பார்த்தார். பிறகு, "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சம்பல் எடுக்கக் குசினிக்குத் திரும்பியது, பின்னால் கோப்பை உடைந்தது, அவர் கதிரையோடு சரிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது, ஆனால் அந்தப் பார்வையில் அவர் இல்லை. வேலையிடத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் அவள். பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும் என்று தெரியும். திருப்பினாள். தலைக்குக் கீழே தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டி வைத்தாள். அம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

"உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தன். இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ எண்டு. பிறகு, வரதன், வரதன் எண்டு கத்தினன்."

"பேர் சொல்லியோ?"

"ஓம். பேர் சொல்லித்தான்."

"இவ்வளவு காலத்தில ஒருநாளும் நீர் என்ர பேரைச் சொன்னதில்லை. சொன்ன அண்டைக்குப் பார்த்து நான் கேக்கேல்லையே" என்றார்.

மிருணாளினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து மூக்கில் முட்டின. காகிதத் துவாயால் முகத்தை அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முட்டை ஆறிப்போனது. ஆறிய முட்டையை இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

காரில் ஏறியதும் வரதராஜாவே சொன்னார், "கரையோரத்தால சுத்திப் போற ரோட்டு ஒண்டு இருக்குது. அதால போவம். மலை வேண்டாம்."

"உங்களுக்குத் தண்டனையோ, எனக்குத் தண்டனையோ?"

"இல்லையப்பா, நீர் காலமை களைச்சுப்போனீர்."

"உந்த ரோட்டைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்று அவள் வண்டியை எடுத்தாள்.

மலையடிவாரத்தில் பெரிய எச்சரிக்கைப் பலகை ஒன்று நின்றது. அவள் வேகத்தைக் குறைத்தாள். செங்குத்தான ஏற்றம், கொண்டையூசி வளைவுகள், பெரிய வாகனங்களுக்கும் கார் பழகுகிறவர்களுக்கும் உகந்ததல்ல என்று எழுதியிருந்தது. வரதராஜா அதை உரக்க வாசித்துவிட்டு, கடைசி வரியில் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

ஒரு கார் மட்டும் போகக்கூடிய ரோட்டு அது. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே பக்கத்தில் தார் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்த இடத்தில் 'பாஸிங் பிளேஸ்' என்று ஒரு சின்ன வெள்ளைப் பலகை. முன்னால் வருகிறவரோ நீங்களோ, அந்த இடம் யாருக்குக் கிட்டவோ அவர் ஒதுங்க வேண்டும், மற்றவர் கையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அடிவாரத்தில் மிருணாளினி ஒதுங்கினாள், கை காட்டினாள், சிரித்தாள். நல்லாய்த்தான் போனது. ஏற ஏற ஒரு பக்கம் பாறைச்சுவர் கிட்ட வந்தது, மறுபக்கம் நிலம் விலகிப் போனது. மேலேயிருந்து முகில் இறங்கி வந்து ரோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

இரண்டாவது கொண்டையூசி வளைவில் திரும்பி முடிக்கும் நேரம் முகிலுக்குள்ளிருந்து, உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய வெள்ளைக் கம்பர்வான் ஒன்று இறங்கி வந்தது. மிருணாளினி நிறுத்தினாள். அதுவும் நின்றது. நெற்றிக்கு நெற்றி முட்டுகிற தூரம்.

ஓட்டி வந்தது ஒரு இளம் பெண். பக்கத்தில் ஒரு பெடியன். இரண்டு பேருடைய முகமும் கம்பர்வானைப்போல வெளுத்திருந்தது. ஏறுகிறவர்களுக்குத்தான் வழி விட வேண்டும், அந்தப் பெண்தான் பின்னால் போக வேண்டும். அவள் முயன்றாள். கம்பர்வான் ஒரு முழம் பின்னால் போனது, பாறைச்சுவரோடு உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது. அவள் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துவிட்டாள்.

மிருணாளினி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். தாண்டி வந்த கடைசி ஒதுங்குமிடம் வளைவுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பெருமழையல்ல, ஆனால் விடாத தூறல்.

"தள்ளும், நான் எடுக்கிறன்" என்று அவர் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் என்ன பதில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த நிமிடம் யார் வந்து கேட்டாலும் திறப்பைக் கொடுத்துவிடுவாள் போலிருந்தது.

வரதராஜா சீற் பெல்ற்றைக் கழற்றினார்.

"நான் இறங்கிப் பின்னால நிக்கட்டோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள்.

அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார். பின்னால் போய், கண்ணாடியில் அவளுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அவர் நின்ற பக்கம் பள்ளம். மிருணாளினி யன்னலை இறக்கித் தலையை வெளியே போட்டாள்.

"விளிம்பில நிக்காதேங்கோ! இஞ்சால, சுவர்ப் பக்கம் வாங்கோ!"

"இடம் கிடக்குதப்பா!"

"வந்தாத்தான் நான் காரை அசைப்பன்!"

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பாறைப் பக்கம் மாறினார். பிறகு அவள் பிறேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் ஒரு நத்தைபோலப் பின்னால் இறங்கத் தொடங்கியது. வரதராஜாவின் இடது கை ஆடினால் இடது, வலது கை ஆடினால் வலது, இரண்டு உள்ளங்கையும் விரிந்தால் நிற்க வேண்டும். அவள் வேறொன்றையும் பார்க்கவில்லை. அவர் பின்னால் நடந்தார், அவள் பின்னால் ஓட்டினாள். ஒருமுறை சக்கரத்துக்கு அடியில் கல் ஒன்று கழன்று, சத்தமே கேட்காத ஆழத்துக்குப் போனது. அவர் உள்ளங்கைகளை விரித்தார். அவள் நின்றாள். மூச்சு வாங்கட்டும் என்று அவர் பொறுமையாக நின்றார். பிறகு ஒற்றை விரலால், பயந்த பூனையை அழைப்பதுபோல, வா வா என்றார்.

வெள்ளைப் பலகை பக்கக் கண்ணாடியில் வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை. ஸ்ரியறிங்கை ஒடித்து உள்ளே விட்டாள். நின்றாள். கைப்பிறேக்கை இழுத்தாள்.

கம்பர்வான் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. பக்கத்தில் வந்ததும் அந்தப் பெண் யன்னலைத் திறந்து ஏதோ ஒரு மொழி கலந்த ஆங்கிலத்தில் நன்றி நன்றி என்றாள். கன்னமெல்லாம் ஈரம். மிருணாளினி தன் வேலையிடத்துக் குரலில், "நீ நன்றாகத்தான் செய்கிறாய், கீழே வரைக்கும் மெதுவாகப் போ" என்றாள். சொன்ன பிறகுதான், தன்னிடம் இப்படி ஒருவரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

வரதராஜா சொட்டச் சொட்ட ஏறி இருந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். இப்போதாவது ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று அவள் பார்த்தாள்.

"பிறேக்கை அப்பிடி ஒரேயடியாய் அமத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தால் சூடேறிப் போம்" என்றார்.

மிருணாளினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. தொப்பி ஊறி நெற்றியில் சரிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏன் என்று விளங்காமலே அவரும் சிரித்தார். சீற்றுக்குப் பின்னால் கிடந்த தன் சால்வையை எடுத்து, பிள்ளைகளுக்குத் துவட்டுவதுபோல அவருடைய தலையை அழுத்தித் துவட்டிவிட்டாள். அவர் அசையாமல் குனிந்துகொண்டிருந்தார்.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. தீவுகள் தெரியும், கடல் தெரியும், மலை மலையாய் அடுக்கித் தெரியும் என்று வருடக்கணக்காக அவர் சொன்ன இடத்தில் வெள்ளைச் சுவர்தான் நின்றது. வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடி வழியாக இரண்டு பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு மாசிச் சம்பல் பூசிய பாண் சாப்பிட்டார்கள்.

"கவலையோ?" என்று அவள் கேட்டாள்.

"காட்சியை ரீவியில பார்க்கலாம்" என்றார் அவர். "இந்த ரோட்டு இவ்வளவு கரடுமுரடு எண்டு ரீவியில தெரியேல்லை. இப்ப முதுகில தெரியுது." அதைப் பெரிய பாராட்டாகச் சொன்னார்.

இறக்கத்தில் முகில் விலகியது. அவள் அதைச் சொல்லத் திரும்பினாள். வரதராஜா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நித்திரை. கால்கள் இரண்டும் தரையில் சும்மா கிடந்தன. அவள் எழுப்பவில்லை. கீழே கடல் விரிந்தது, தீவுகள் ஒவ்வொன்றாக வந்தன, அவள் மட்டும் பார்த்தாள்.

ஆப்பிள்குரொஸில் கடலோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் வெளியே இருந்து பொரித்த மீன் சாப்பிடும்போது லக்சிகாவின் அழைப்பு வந்தது. சிட்னியில் நேரம் என்னவென்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

"மலை ஏறிட்டீங்களோ? அப்பா ஓடினவரோ?"

"இல்லை. நான்தான்" என்றாள் மிருணாளினி.

"நோ வே!"

வரதராஜா போனை வாங்கினார். "பிள்ளை, உன்ர அம்மா கொண்டையூசி வளைவில றிவேர்ஸில இறங்கினவ. எங்கட டிப்போவில எத்தினை பேருக்கு அது ஏலும் எண்டு நினைக்கிறாய்?" என்றார். பிறகு பனிமூட்டத்தையும் பள்ளத்தையும் இரண்டு மடங்காக்கி, கம்பர்வானை லொறி அளவுக்குப் பெருப்பித்து, ஒரு சொல் விடாமல் கதை சொன்னார். மிருணாளினி அவருடைய கோப்பையிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியலை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தன்னைப் பற்றிய கதையை வேறு யாருடையதோ போலக் கேட்டாள். தன்னிடம் நேரே சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று பட்டது.

போனை வைத்துவிட்டு அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோர்வேயில ஒரு ரோட்டு இருக்குது" என்றார்.

"தெரியும். எத்தினைதரம் போட்டுக் காட்டினனீங்கள்."

"அடுத்த வருசம் டொக்டர் ஓமெண்டால் எனக்கு லைசன்ஸ் வந்திடும்."

"வரட்டும், நல்லது."

அவர் மீன்முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"நீர் மேல ஏத்தும். நான் கீழ இறக்கிறன்."

"அங்க வலது பக்கம் ஓடவேணும், தெரியும்தானே?" என்றாள் மிருணாளினி. "முதல் போவம். பிறகு ஆர் ஓடுறதெண்டு பார்ப்பம்."